அன்றைக்கு நான் கேட்காமல் விட்ட கேள்வி



இது கொஞ்சம் நீளமான பதிவு. என் வகுப்பு மணி அடித்ததும் முடிந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த பீரியட் கணக்கு டீச்சர் வாசலில் வந்து நிற்பார். நான் பாட்டுக்கு நடத்திக்கொண்டிருப்பேன். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்றும் போகவில்லை. காப்பியைப் போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் ஒரு பழைய மாணவி போன் செய்தாள். அவளுக்கே இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. மகள் பெங்களூரில், மருமகனுக்கும் அங்கேதான் வேலை, இரண்டு வயதில் பேரன். குரலே சரியில்லை. "டீச்சர், மகளும் மாப்பிள்ளையும் கவுன்சலிங் போகப் போறாங்களாம். நம்ம வீட்டு விஷயத்தைக் காசு குடுத்து மூணாம் மனுஷர்கிட்டச் சொல்லணுமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவ கேப்பா. கொஞ்சம் அனுசரிச்சுப் போகச் சொல்லுங்க."

நான் சொல்ல மாட்டேன் என்றேன். அவளுக்கு வருத்தம். "நீங்களா டீச்சர் இப்படிப் பேசுறீங்க?" என்று கேட்டு வைத்துவிட்டாள். கேட்டது நியாயம்தான். நாற்பது வருடமாகப் பள்ளத்தூரிலும் சுற்று வட்டாரத்திலும் எத்தனையோ பெண்களிடம் அதே 'அனுசரிச்சுப் போ'வைச் சொன்னவள் நான்தான். ஏன் மாறினேன் என்று போனில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால், நான் வேலையில் இருந்தபோது, கல்யாணமாகி இரண்டு வருடம் ஆன ஒரு மாணவி ஒரு மத்தியானம் என் வீட்டுக்கு வந்தாள். (இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) முகப்பில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை, தூணோரம் நின்றாள். வளையலுக்கு மேலே கை வீங்கியிருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு, பலகாரம் எடுத்து வைத்தேன். "மாமியார் வீட்டுக்குத் தெரியுமா நீ வந்தது?" என்று கேட்டேன். "சாயங்காலத்துக்குள்ள போயிரு, பேச்சு வந்துரும். ஆம்பளைங்க கோபம் தண்ணியில எழுதுன எழுத்து" என்றேன். பஸ்ஸுக்குக் காசும் கொடுத்தேன். நல்லது செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

அதன் பிறகு ஒன்பது வருடம் அவள் அந்த வீட்டில் இருந்தாள். பிறகு பிள்ளையோடு வெளியே வந்தாள். சில வருடம் கழித்துக் காரைக்குடியில் ஒரு கல்யாணத்தில் சந்தித்தோம். வழக்கம்போலக் காலில் விழுந்து கும்பிட்டாள். பேச்சு எங்கெங்கோ போய் அந்த மத்தியானத்துக்கு வந்தது. கோபமே இல்லாமல் சொன்னாள்: "டீச்சர், அன்னைக்கு நீங்க எல்லாம் கேட்டீங்க. என்ன நடந்துச்சுன்னு மட்டும் கேக்கலை."

என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை.

அவள்தான் பிறகு மதுரையில் ஒரு மனநல ஆலோசகரிடம் போய் வந்ததைப் பற்றிச் சொன்னாள். இந்தப் பதிவுக்கு விதை அதுதான். எனக்குக் கவுன்சலிங் என்றால், ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து அறிவுரை சொல்வார், இன்னொருவர் தலையாட்டுவார் என்றுதான் எண்ணம். அதை நாங்கள் காசு வாங்காமலே ஸ்டாஃப் ரூமில் செய்துகொண்டிருந்தோமே! அவள் சொன்னது வேறு.

முதல் நாள் அந்த அம்மாள் கேட்ட கேள்வி, "எங்க உக்காந்தா உங்களுக்கு வசதியா இருக்கும்?" இவள் கதவைப் பார்த்த நாற்காலியைக் காட்டினாளாம். கதவை மூடவா, கொஞ்சம் திறந்து வைக்கவா என்று அடுத்த கேள்வி. பிறகு, "எதையும் சொல்லணும்னு கட்டாயம் இல்லை. நடுவுல நிறுத்தணும்னா கையைத் தூக்குங்க, நிறுத்திருவோம்" என்றாராம். முதல் மூன்று தடவையும் கணவனைப் பற்றிப் பேச்சே இல்லை. தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வீட்டில் எந்த நேரம் பயமாக இருக்கிறது, யாரோடு இருந்தால் பயம் குறைகிறது, இவ்வளவுதான்.

ஒரு நாள் கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார். இவளுக்குக் கண்ணை மூடியதும் உடம்பு நடுங்கியது. பின்னால் யாரோ வருவதுபோல. அந்த அம்மாள், "இது உங்களுக்கு ஒத்து வரலை, விட்டுருவோம்" என்று சொல்லி, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே பாதத்தைத் தரையில் ஊன்றி, தரையின் குளிர்ச்சியைக் கவனிக்கச் சொன்னாராம். அறையில் உள்ள ஐந்து பொருளின் பெயரைச் சொல்லச் சொன்னாராம். அது ஒத்து வந்தது. எல்லோருக்கும் ஒரே மருந்து என்றில்லாமல், வந்தவரின் உடம்பும் மனமும் எதைத் தாங்கும் என்று பார்த்துப் பார்த்துச் செய்வது. இதைத்தான் காயத்தை அறிந்த ஆலோசனை என்கிறார்கள். முப்பது பிள்ளைகளுக்கும் ஒரே பிரம்பை எடுத்த எனக்கு இது உறைத்தது.

இதற்கு வரலாறு உண்டு. போரிலிருந்தோ வன்முறையிலிருந்தோ தப்பி வந்தவர்களுக்கு வரும் தொல்லைகளை ஒரு தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு ஏற்றுக்கொண்டது 1980-ல்தான், வியட்நாம் போருக்குப் போய் வந்தவர்களைப் பார்த்த பிறகு. 1992-ல் ஜூடித் ஹெர்மன் என்ற மருத்துவர் ஒரு புத்தகம் எழுதினார். போர்க்களத்துச் சிப்பாய்க்கு நேர்வதும் வீட்டுக்குள் அடிபடும் பெண்ணுக்கும் குழந்தைக்கும் நேர்வதும் ஒரே வகைக் காயம் என்பது அவர் வாதம். ஆறுவதற்கு அவர் சொன்ன வரிசை: முதலில் பாதுகாப்பு, பிறகு நடந்ததை நினைத்து அழுது தீர்ப்பது, அதற்குப் பிறகு மறுபடி மனிதர்களோடு சேர்வது. எங்கள் பஞ்சாயத்து வரிசையில் மூன்றாவதுதான் முதலில் வரும். 'சேர்ந்து இரு' என்போம். மற்ற இரண்டும் வரவே வராது.

1998-ல் வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரு மருத்துவர்கள் இன்னொன்றை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் சாதாரண உடல் பரிசோதனைக்கு வந்தவர்களிடம், சின்ன வயதில் அடி, அவமானம், வீட்டில் குடி, தாய் அடிபடுவதைப் பார்த்தது போன்றவை உண்டா என்று கேட்டார்கள். இரண்டு கட்டமாக 17,000 பேருக்கு மேல் பதில் சொன்னார்கள். அப்படிப்பட்ட அனுபவங்கள் எத்தனைக்கெத்தனை அதிகமோ, பெரியவர்களான பின் மனச்சோர்வு, குடிப்பழக்கம் மட்டுமல்ல, இதய நோய்கூட அத்தனைக்கத்தனை அதிகமாக இருந்தது. மனதில் பட்டது உடம்பில் தங்கும் என்று அப்பத்தாக்கள் சொன்னதை அவர்கள் எண்ணிக் காட்டினார்கள்.

'அதெல்லாம் அமெரிக்காக்காரன் விஷயம்' என்று சிலர் சொல்வீர்கள். நம் ஊர் வளவுகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

எங்கள் ஐயா சின்ன வயதிலேயே பெட்டியடிப் பையனாகப் பர்மாவுக்குப் போனவர். மூன்று வருடக் கணக்குக்குப் போவது, ஊருக்கு வந்து சில மாதம் இருப்பது, மறுபடி கப்பல். அப்பத்தா இங்கே. கல்யாணமாகிப் பத்து வருடத்தில் இருவரும் சேர்ந்து இருந்தது எத்தனை மாதம் என்று அப்பத்தா விரல் விட்டு எண்ணுவார். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். ஐயா ப்ரோம் வரை வந்து, அரக்கான் மலையை நடந்து கடந்து, தாங்குப் கரையிலிருந்து படகு பிடித்துச் சிட்டகாங் வழியாக ஊர் வந்து சேர்ந்தார். அந்தச் சமயத்தில் பர்மாவிலிருந்து ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் வெளியேறினார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே பல்லாயிரம் பேர் செத்தார்கள். கூட வந்த ஒரு சகாவை ஐயா வழியில் விட்டுவிட்டு வந்தார் என்பது மட்டும் வீட்டுக்குத் தெரியும். எப்படி, எங்கே என்று அவர் சொன்னதில்லை.

நான் பிறந்த பிறகு பார்த்த ஐயா இதுதான்: தீபாவளி அன்று இரண்டாம் கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். தலைமாட்டில் எப்போதும் ஒரு துணி முடிச்சில் அரிசியும் வெல்லமும் இருக்கும். யாராவது பின்னால் வந்து தொட்டால் கை ஓங்கிவிடுவார். அந்தக் கை பல தடவை அப்பத்தா மேல் விழுந்திருக்கிறது. வீட்டில் இதற்குப் பெயர் 'ஐயா குணம்'. "அவுக குணம் அப்படி, நீ தள்ளி நில்லு" என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். என் அப்பச்சி வாழ்நாள் முழுக்கச் சத்தம் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். அவரிடம் பேசி ஒரு முடிவு வாங்க என் ஆத்தா பட்ட பாடு ஆத்தாவுக்குத்தான் தெரியும். அரக்கான் மலையில் தொடங்கியது எங்கள் வளவு வரை வந்தது என்று எனக்கு அறுபது வயதில்தான் புரிந்தது. ஐயாவை நான் நியாயப்படுத்தவில்லை. அப்பத்தா மேல் விழுந்த அடி அடிதான். அவர் ஒருத்தரிடமாவது பாரத்தை இறக்கி வைத்திருந்தால் எத்தனை பேருக்கு வாழ்க்கை லேசாகியிருக்கும் என்றுதான் யோசிக்கிறேன்.

தமிழில் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். தயா சோமசுந்தரம் என்ற மனநலப் பேராசிரியர் போர்க்காலத்தில் அங்கே மக்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1998-ல் ஈழத்தமிழரின் மனக்காயங்களைப் பற்றி ஆங்கிலத்தில் புத்தகமும் எழுதினார். லட்சக்கணக்கான பேர் காயப்பட்ட இடத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய மருத்துவர்களை வைத்து என்ன செய்வது? ஆசிரியர்களுக்கும் கிராமத்து ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். மூச்சுப் பயிற்சியோடு, அவரவர் சாமியின் பெயரை அவரவர் உருப்போடுவதையும் சேர்த்துக்கொண்டார்கள். சைவருக்கு ஒன்று, கிறிஸ்தவருக்கு ஒன்று, முஸ்லிமுக்கு ஒன்று. காணாமல் போனவருக்குத் திதி கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தவிக்கும் குடும்பத்தை 'மறந்துவிடு' என்று சொல்லாமல் கூட இருப்பது எப்படி என்றும் யோசித்தார்கள். தனி மனிதருக்கு மட்டுமல்ல, ஒரு குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்ந்தே காயம் படும் என்று அவர் எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது.

தமிழ் டீச்சர் என்பதால் ஒரு சொல் விஷயம். யாழ்ப்பாணத்தில் இந்தக் காயத்துக்கு 'மனவடு' என்கிறார்கள்; கவுன்சலிங்குக்கு 'உளவளத்துணை'. நம் பக்கத்தில் 'ஆற்றுப்படுத்துதல்'. எனக்கு நம் சொல்லில்தான் ஆசை. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் படித்தோமே, நினைவிருக்கிறதா? பரிசு வாங்கி வந்த பாணன், எதிரே வரும் பாணனுக்கு வழி சொல்வான். இந்த ஊரில் இது கிடைக்கும், இந்த மலையில் கவனம் என்பான். ஆனால் அவனைத் தூக்கிக்கொண்டு போக மாட்டான், இழுத்துக்கொண்டும் போக மாட்டான். நடக்க வேண்டியது இவன்தான். நல்ல ஆலோசகர் செய்வதும் ஏறக்குறைய இதுதான். (சூடான பாலை ஆற்றுவதும் அதே ஒலியில் வருகிறது. பரீட்சைக்கு இதை எழுதாதீர்கள், மார்க் கிடைக்காது.)

நம் ஊர்ப்பக்கம் நல்ல முன்மாதிரி இல்லாமல் இல்லை. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தை 1957-ல் ஃபுளோரன்ஸ் நிக்கோல்ஸ் என்ற மருத்துவர் ஆரம்பித்தபோது, நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் கூடவே வந்து தங்க வேண்டும் என்று வைத்தார்கள். கட்டிப் போடுவதும் பூட்டி வைப்பதும் வழக்கமாக இருந்த காலம் அது. நமக்கு அடுத்த மாவட்டத்து ஏர்வாடியில் 2001-லும், சங்கிலியில் கட்டிக் கிடந்த 28 பேர் தீயில் செத்தார்கள் என்பதை மறக்க வேண்டாம். 1986-ல் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா, உயிரை விட நினைப்பவர்களிடம் அறிவுரை சொல்லாமல் காது கொடுத்துக் கேட்பதையே வேலையாக வைத்திருக்கிறது. அறிவுரை சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு டீச்சருக்குத்தான் தெரியும்.

சரி, புருஷன் பெண்டாட்டி விஷயத்துக்கு வருகிறேன். போனில் கேட்டவளுக்கு அதுதானே கவலை.

நம் நகரத்தார் வீடுகளில் 'வேறு வைத்தல்' என்று ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமான பிள்ளைக்கு அதே வீட்டில் தனி அறை, தனி அடுப்பு, தனி வரவு செலவு. கூட்டுக் குடும்பத்துக்குள்ளேயே ஒரு சின்ன வீடு. புதிதாகச் சேர்ந்த இருவருக்குத் தங்களுக்கென்று ஒரு எல்லை வேண்டும் என்று யாரோ ஒரு புத்திசாலி எப்போதோ கண்டுபிடித்திருக்கிறார். அடுப்பைப் பிரித்துக் கொடுத்தார்கள். பேச்சைப் பிரித்துக் கொடுக்கவில்லை. வளவின் ஒரு கோடியில் அழுதால் மறு கோடிக்குக் கேட்கும். கேட்டதும் ஆளுக்கொரு தீர்ப்பு. அந்த இருவரும் யாருக்கும் பயப்படாமல் பேச ஒரு அறை நம் அரண்மனை வீடுகளிலும் இருந்ததில்லை. அந்த அறைதான் கவுன்சலிங் அறை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

என் மாணவி ஒருத்தி சென்னையில் இந்த வேலை செய்கிறாள். அவளைக் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டேன். (பாவம், லீவு நாள்.) தம்பதி வந்தால் எடுத்ததும் இருவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பஞ்சாயத்து செய்வதில்லையாம். முதல் நாள் ஒரு தடவை சேர்ந்து பார்த்துவிட்டு, பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்ப்பாள். 'இவரோடு தனியாக இருக்கும்போது உங்களுக்குப் பயம் வருமா?' என்ற கேள்வியை இருவரிடமும் தனியாகக் கேட்பாள். அடி, மிரட்டல் என்று தெரிந்தால் சேர்த்து உட்கார வைக்க மாட்டாள். "ஏன்?" என்று கேட்டேன். "இங்க அவ உண்மையைச் சொன்னா, வீட்டுக்குப் போனதும் அதுக்கு விலை குடுக்கணும் டீச்சர்" என்றாள். முதலில் அந்தப் பெண்ணின் பாதுகாப்பு, அது உறுதியான பிறகுதான் மற்றது.

அது இல்லாத சாதாரணச் சண்டை என்றால் வேறு வழி. ஒருத்தர் கத்துகிறார், இன்னொருத்தர் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே போகிறார். கத்துகிறவருக்கு, என்னை விட்டுப் போகிறார்களே என்ற பதற்றம். போகிறவருக்கு, சின்ன வயதில் வீட்டில் குரல் உயர்ந்தால் அடுத்து என்ன வரும் என்று உடம்புக்குத் தெரிந்த பயம். இவர் கத்தக் கத்த அவர் போகிறார், அவர் போகப் போக இவர் கத்துகிறார். யார் முதலில் தொடங்கினார்கள் என்று பார்த்தால் விடியாது. இந்தச் சுழலை இருவருக்கும் காட்டிக் கொடுத்து, 'பத்து நிமிடம் வெளியே போய் வருகிறேன், திரும்பி வருவேன்' என்று ஒரு வாக்கியத்தைச் சொல்லப் பழக்குவதற்கே சிலருக்கு இரண்டு மாதம் ஆகுமாம். கேட்டபோது அப்பச்சியின் முதுகு கண்ணுக்குள் வந்தது. அவர் வெளியே போனார். திரும்பி வருவேன் என்று சொன்னதில்லை.

அதே பேச்சில் அவள் ஒரு சட்டத்தையும் காட்டினாள். குடும்ப வன்முறைச் சட்டம் 2005 உங்களுக்குத் தெரியும். அதன் கீழ் 2006-ல் வந்த விதிகளில் 14-ஆவது விதி, நீதிமன்றம் அனுப்பும் கவுன்சலிங் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிறது. 'நான் ஏன் அடித்தேன் தெரியுமா' என்று நியாயம் சொல்ல அடித்தவரை அங்கே அனுமதிக்கக் கூடாது. அப்படி அனுமதி இல்லை என்பதை அவருக்கு முன்பே தெரிவிக்க வேண்டும். இனி செய்ய மாட்டேன் என்று உறுதியும் வாங்க வேண்டும். நான் இந்த விதியை மூன்று தடவை படித்தேன். நம் ஊர்ப் பஞ்சாயத்தில் முதல் கேள்வியே, "நீ என்ன பேசுன, அவன் கை நீட்ட?" என்பதுதானே! படிக்காதவர்கள் மட்டுமல்ல, எம்.ஏ., பி.எட். படித்த நானும் அதைத்தான் வேறு வார்த்தையில் கேட்டேன்.

எனக்கு இதில் குறைகளும் தெரியும். இப்போது எதற்கெடுத்தாலும் 'ட்ராமா' என்கிறார்கள். பைக் வாங்கித் தராத அப்பா ட்ராமா, மார்க் குறைத்த டீச்சர் ட்ராமா. (நான் குறைத்தது உன் நன்மைக்குத்தான், நீ யாரென்று உனக்குத் தெரியும்.) வருத்தம் வேறு, வடு வேறு. நல்ல ஆலோசகர் இரண்டையும் பிரித்துப் பார்ப்பார், சும்மா தடவிக் கொடுக்க மாட்டார். அடுத்து, காசு. நகரங்களில் ஒரு தடவைக்கு ஆயிரம், இரண்டாயிரம் என்று வாங்குகிறார்கள். மாதம் நாலு தடவை என்றால் வாடகை மாதிரி ஆகிவிடும். இது நியாயமான கவலை. மூன்றாவது, யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டுகிறார்கள். ஜாதகம் பார்ப்பவர் கீழே சின்ன எழுத்தில் 'குடும்ப ஆலோசனையும் வழங்கப்படும்' என்று போட்டிருப்பதைக் காரைக்குடியிலேயே பார்த்தேன்.

ஆகவே போகிறவர்கள் முதலில் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். க்ளினிகல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் கொட்டச் சொல்லி அவசரப்படுத்துகிறவர், நீங்கள் சொன்னதை உங்கள் மாமியாரிடம் போனில் சொல்கிறவர், 'குழந்தை பெத்துக்கிட்டா எல்லாம் சரியாகிரும்' என்கிறவர், இவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். காசு கொடுத்தாயிற்றே என்று உட்கார வேண்டாம். ஒருவர் ஒத்து வரவில்லை என்றால் இன்னொருவர், டாக்டரை மாற்றுவதில்லையா?

காசு இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரிலிருந்து மத்திய அரசின் டெலி மானஸ் இருக்கிறது: 14416, எந்த நேரமும், தமிழிலும் பேசலாம். அடி உதை என்றால் பெண்கள் உதவி எண் 181. உயிரை விடலாம் போல இருக்கிறது என்று தோன்றினால் சிநேகா: 044-24640050. இந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 'எனக்கு எதுக்கு' என்கிறவர்களும்தான். உங்கள் வீட்டுத் தூணோரம் யார் வந்து நிற்பார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'நாங்கல்லாம் கவுன்சலிங் போயா வாழ்ந்தோம்?' என்று என் வயதுக்காரர்கள் கேட்பார்கள். எங்கள் வளவிலேயே ஒரு பெரிய அயித்தை முப்பது வருடம் புருஷனோடு பேசாமல் ஒரே வீட்டில் வாழ்ந்தார். சாப்பாடு போடுவார், சொல் கிடையாது. எல்லோரும் 'ஒழுங்கான குடும்பம்' என்றார்கள். அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு நான்தான் வாழ்த்துமடல் எழுதினேன், 'ஈருடல் ஓருயிர்' என்று. அந்தக் காகிதம் இன்னும் கண்ணாடி போட்டு அந்தச் சுவரில் தொங்குகிறது. போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

மதுரைக்குப் போய் வந்த என் மாணவி இப்போது நன்றாக இருக்கிறாள். எல்லாம் மறந்துவிடவில்லை, கதவைப் பார்த்துத்தான் இன்னும் உட்காருகிறாள். சொந்தத் தையல் கடை வைத்திருக்கிறாள், மகன் காலேஜ் முடித்துவிட்டான். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது, முகப்பில் நாற்காலியைத் தெருவாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டு வைத்தேன். கவனித்துவிட்டுச் சிரித்தாள். பழைய கடன் அதில் தீராது என்பது எனக்குத் தெரியும்.

பெங்களூர்ப் பெண்ணின் அம்மாவுக்கு நான் மறுபடி போன் செய்தேன். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "உன் மகளுக்கு என்ன நடக்குதுன்னு நீ கேட்டியா?" என்று மட்டும் கேட்டேன். ரொம்ப நேரம் சத்தம் இல்லை. "கேக்க பயமா இருக்கு டீச்சர்" என்றாள்.

நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. அனுமதி வாங்கித்தான் போடுகிறேன்: "டீச்சர், சனிக்கிழமை 11 மணிக்கு அப்பாயின்ட்மென்ட்டாம். அந்த நேரம் பேரனைப் பாத்துக்க ஆள் இல்லைன்னா. வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுட்டேன்."